காற்றிடமும் கணக்குக் கேளுங்கள்: சென்னையின் கரியமில வாயுக் கணக்கைப் பற்றி ஒரு திறந்த மடல்

பெருநகர சென்னை மாநகராட்சி ஆணையர் அவர்களுக்கும், தமிழ்நாடு அரசின் சுற்றுச்சூழல், காலநிலை மாற்றம் மற்றும் வனத்துறைச் செயலாளர் அவர்களுக்கும், தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியத் தலைவர் அவர்களுக்கும்

வணக்கம்.

நான் வேதியியல் ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். திருவொற்றியூரில் வசிக்கிறேன். 2023 ஜூனில் நீங்கள் வெளியிட்ட சென்னைக் காலநிலைச் செயல்திட்டத்தை அக்கறையோடு படித்தேன். 2018-19 ஆண்டில் இந்நகரம் வெளியிட்ட பசுங்குடில் வாயுக்கள், கரியமில வாயுவாகக் கணக்கிட்டால், 1 கோடியே 40 லட்சம் டன்னைத் தாண்டும் என்று அதில் எழுதியிருக்கிறீர்கள். 2050க்குள் அதை நிகரப் பூச்சியமாக்குவதாகவும், அதாவது வெளியிடுவதும் உறிஞ்சப்படுவதும் சமமாகும்படி செய்வதாகவும், உறுதி கொடுத்திருக்கிறீர்கள். நாடு தனக்கு வைத்துக்கொண்ட இலக்கு 2070. அதற்கு இருபது ஆண்டுகள் முன்பே ஒரு மாநகரம் தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ள முன்வந்ததை மனமாரப் பாராட்டுகிறேன்.

ஆனால் ஒரு கேள்வி என்னை விடவில்லை. 2030இலோ 2040இலோ, "இவ்வளவு குறைத்துவிட்டோம்" என்று நீங்கள் அறிவிக்கும்போது, அது உண்மைதானா என்று யார் சரிபார்ப்பார்கள்? எதை வைத்துச் சரிபார்ப்பார்கள்?

இன்று உமிழ்வுக் கணக்கு எப்படி எழுதப்படுகிறது என்பது உங்களுக்குத் தெரியும். எத்தனை யூனிட் மின்சாரம் செலவானது, எத்தனை கிலோலிட்டர் பெட்ரோலும் டீசலும் விற்பனையாயின, எத்தனை டன் குப்பை சேர்ந்தது என்று ஏடுகளிலிருந்து எடுத்து, ஒவ்வொன்றையும் ஒரு காரணியால் பெருக்கி, கூட்டுகிறார்கள். உலகமெங்கும் நகரங்கள் இப்படித்தான் செய்கின்றன. இதில் உழைப்பும் நேர்மையும் இருக்கின்றன. ஓட்டைகளும் இருக்கின்றன. சென்னை பங்க்கில் நிரப்பிய டீசலில் லாரி வேலூர் தாண்டிப் போகிறது. ஆந்திராவில் நிரப்பிய டீசல் மாதவரத்தில் எரிகிறது. பழைய மாமல்லபுரம் சாலை அலுவலகங்களின் ஜெனரேட்டர்கள் எத்தனை மணி நேரம் ஓடின என்பதற்குச் சரியான பதிவு கிடைப்பது அரிது. எண்ணூருக்குக் கப்பலில் வரும் நிலக்கரியின் தரம் சரக்குக்குச் சரக்கு மாறுகிறது. இவையெல்லாம் கணக்கில் ஊகங்களாகவே நுழைகின்றன. ஊகத்தின் மேல் எழுதிய கணக்கை எழுதியவரே தணிக்கை செய்தால் அதற்கு என்ன மதிப்பு?

எரித்ததெல்லாம் போய்ச் சேர்கிற இடம் ஒன்றுதான்: காற்று. ரசீது இல்லாமல் எரித்ததும் அங்கேதான் இருக்கிறது. அதை அளந்து பார்க்க வழி இருக்கிறது. அந்த வழிக்கு வேண்டிய அணுவைத் தமிழ்நாட்டு அரசு நன்றாகவே அறியும். அதனால்தான் இந்த மடல்.

கீழடி அறிக்கை 2019 செப்டம்பரில் வெளியானபோது இந்த மாநிலமே ஓர் எண்ணைப் பேசியது: பொ.ஆ.மு. 580. 353 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடைத்த கரித்துண்டை அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்து ஆய்வகத்துக்கு அனுப்பிப் பெற்ற எண் அது. 2021இல் சிவகளை நெல்லுமி, பொ.ஆ.மு. 1155. 2022இல் மயிலாடும்பாறை இரும்பு, பொ.ஆ.மு. 2172. இந்த எண்களையெல்லாம் தந்தது கார்பனின் அரிய வகையான கார்பன்-14 என்னும் ஓர் அணு. தேநீர்க் கடையில் நாளிதழ் படிப்பவரும் இன்று கார்பன் காலக்கணிப்பு என்று தயங்காமல் சொல்கிறார். நம் பழமையைச் சொல்ல இந்த அணுவை நம்பிய அரசு, நம் இன்றைய புகையைச் சொல்லவும் இதே அணுவைக் கேட்க வேண்டும் என்பதுதான் என் விண்ணப்பம்.

அது எப்படி முடியும் என்பதை விளக்குகிறேன். விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் மேல் வளிமண்டலத்தில் நியூட்ரான்களை உண்டாக்குகின்றன. அவை நைட்ரஜன் அணுவில் மோதும்போது கார்பன்-14 பிறக்கிறது. அது ஆக்சிஜனோடு சேர்ந்து கரியமில வாயுவாகிக் காற்றில் கலக்கிறது. காற்றில் உள்ள கார்பன் அணுக்களில் ஏறத்தாழ ஒரு லட்சம் கோடிக்கு ஒன்றுதான் கார்பன்-14. இலை அந்தக் காற்றை உண்கிறது, ஆடு இலையை உண்கிறது, நாம் இரண்டையும் உண்கிறோம். உயிரோடு இருக்கும் எல்லாவற்றிலும் அந்த விகிதம் இருக்கிறது. உயிர் போனதும் புதிய வரவு நின்றுவிடுகிறது. உள்ளே இருப்பது 5,730 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகிறது. 50,000 ஆண்டுகள் ஆனால் அளக்க எதுவும் மிஞ்சாது.

வட சென்னை அனல்மின் நிலையங்களுக்கு ஒடிசாவின் தால்ச்சேர் சுரங்கத்திலிருந்து வரும் நிலக்கரிக்கு வயது 25 கோடி ஆண்டுகளுக்கும் மேல். பெட்ரோலும் டீசலும் சமையல் எரிவாயுவும் அப்படியே பழமையானவை. அவற்றில் கார்பன்-14 ஒன்றுகூட இல்லை என்றே கொள்ளலாம். அவற்றை எரித்தால் எழும் கரியமில வாயுவிலும் அது இருக்காது. விறகையோ சோற்றையோ எரித்தால் எழும் கரியமில வாயுவில் அது இருக்கும். ஆக, ஒரு குடுவைக் காற்றில் கார்பன்-14 எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்த்தால், அதில் நிலக்கரியும் பெட்ரோலியமும் கலந்த பங்கு எவ்வளவு என்று சொல்லிவிடலாம். 1955இலேயே ஹான்ஸ் சூஸ் என்னும் விஞ்ஞானி மரங்களின் புதிய வளையங்களில் இந்தக் குறைவைக் கண்டு எழுதினார். அவர் பெயராலேயே இது சூஸ் விளைவு எனப்படுகிறது.

இடையில் ஒரு குழப்பம் வந்தது. 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் வெட்டவெளியில் நடத்திய அணுகுண்டுச் சோதனைகள், வட அரைக்கோளக் காற்றில் கார்பன்-14ஐ ஏறத்தாழ இரு மடங்காக்கின. அத்தகைய சோதனைகளைத் தடைசெய்த 1963 ஒப்பந்தத்துக்குப் பின் அது கடலிலும் காட்டிலும் கலந்து குறைந்துகொண்டே வந்தது. நிலக்கரிப் புகையும் எண்ணெய்ப் புகையும் சேர்ந்து அதை இன்னும் கீழே தள்ளின. 2021 வாக்கில் விகிதம் தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலைக்கு இறங்கிவிட்டது, இன்னும் இறங்குகிறது. லண்டன் இம்பீரியல் கல்லூரியின் ஹீதர் கிரேவன் 2015இல் ஒரு கணக்குப் போட்டார். உமிழ்வு இப்படியே பெருகினால், 2050இல் நெய்யும் புதிய பருத்திச் சட்டையும் ஆயிரம் ஆண்டு பழைய துணியும் காலக்கணிப்பில் ஒரே வயதாகத் தெரியும் என்பது அதன் முடிவு. தஞ்சைப் பெரிய கோயில் எழுந்த காலத்துத் துணியையும் அந்த ஆண்டில் தறியிலிருந்து இறங்கிய துணியையும் இந்த முறையால் மட்டும் பிரித்தறிய முடியாமல் போகும். அகழாய்வுக்கு இவ்வளவு செலவிடும் மாநிலம் இதையும் கவனிக்க வேண்டும். புகையைக் குறைக்காவிட்டால் நம் பேரப்பிள்ளைகளின் தொல்லியலாளர்கள் தங்கள் கருவி ஒன்றையே பாதி இழந்துவிடுவார்கள்.

கரியமில வாயுவை நேராக அளக்கும் கருவிகள் மலிவாகக் கிடைக்கின்றனவே, நகரெங்கும் மாட்டிவைத்தால் போதாதா என்று கேட்பீர்கள். போதாது. ஒரு மனிதர் நாளொன்றுக்கு வெளிவிடும் கரியமில வாயு ஏறத்தாழ ஒரு கிலோ. 2011 கணக்கெடுப்பின்படி விரிவாக்கப்பட்ட சென்னையில் ஏறத்தாழ 67 லட்சம் பேர். அப்படியானால் மூச்சு மட்டுமே நாளொன்றுக்கு 6,700 டன், ஆண்டுக்கு 24 லட்சம் டன். இதனால் புவி சூடாவதில்லை. சென்ற பருவத்து நெல் காற்றிலிருந்து எடுத்ததைத்தான் நாம் திருப்பித் தருகிறோம். ஆனால் கருவிக்கு அந்த வேறுபாடு தெரியாது. கிண்டிக் காட்டு மரங்கள் இரவில் விடும் மூச்சு, பள்ளிக்கரணைச் சதுப்பில் மக்கும் நாணல், கூவத்தில் அழுகும் கழிவு, மாட்டுக் கொட்டகை எல்லாம் அதற்கு ஒன்றுதான். துணைக்கோள்களும் கரியமில வாயுவின் மொத்த அளவைத்தான் பார்க்கின்றன. அதன் பிறப்பிடத்தை அவற்றால் சொல்ல முடியாது. கார்பன்-14 சொல்லும்.

அதன் துல்லியத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு. கடலிலிருந்து வரும் காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்துக்கு 425 பங்கு என்று வையுங்கள். நகரத்தைக் கடக்கும்போது பெட்ரோலியமும் நிலக்கரியும் 10 பங்கு சேர்த்தால் கார்பன்-14 விகிதம் ஏறத்தாழ 2.3 விழுக்காடு குறையும். கார்பன்-14 அணுக்களைத் தனியே பிரித்து எண்ணும் முடுக்கி நிறைமாலைமானி என்னும் கருவி ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்கு வேறுபாட்டையே பிடித்துவிடும். அதாவது ஒரே ஒரு பங்கு சேர்ந்தாலும் கண்டுபிடித்துவிடும். ஆய்வுக்கு ஒரு மில்லிகிராம் கார்பன் போதும். ஐந்து லிட்டர் காற்றில் அது கிடைக்கும்.

காற்றுக் குடுவைகூட இல்லாமல் செய்யலாம். புல் இருக்கிறது. அருகம்புல் பகலெல்லாம் காற்றை உண்டு, தான் வளர்ந்த வாரங்களின் சராசரியைத் தன் உடலிலேயே எழுதிவைக்கிறது. மேலே சொன்ன 10 பங்கு சேர்ந்த இடத்தில் போன மாதம் முளைத்த புல்லை, யாரிடமும் சொல்லாமல் தொல்லியல் மாதிரியைப்போல ஆய்வகத்துக்கு அனுப்பினால், அதே காலத்தில் கடற்கரையில் முளைத்த புல்லைவிட ஏறத்தாழ 190 ஆண்டு மூத்ததாக விடை வரும்! கலிபோர்னியாவில் 2020 ஊரடங்கின்போது புல் மாதிரிகளைச் சேகரித்து, போக்குவரத்துக் குறைந்ததால் காற்றில் எரிபொருள் கார்பன் (நிலக்கரி, பெட்ரோலியத்திலிருந்து வந்த கார்பன்) எவ்வளவு குறைந்தது என்று அளந்தார்கள். உங்களிடம் நூற்றுக்கணக்கான பூங்காக்கள் இருக்கின்றன. அவற்றில் புல் வெட்டும் பணியாளர்கள் இருக்கிறார்கள். மாதம் ஒருமுறை குறித்த இடத்தில் ஒரு பிடி புல்லை வெட்டி, உலர்த்தி, உறையிலிட்டு, இடமும் நாளும் எழுதிவைக்க வேண்டும். சாலையோரப் புங்கை, வேப்பிலையைவிடப் புல்லே நல்லது. மரம் சேமித்துவைத்த பழைய உணவிலிருந்தும் தளிர் விடுவதால் அதன் இலையில் போன பருவத்துக் காற்றும் கலந்திருக்கும்.

அளவு கிடைத்தால் வேலை பாதிதான் முடிகிறது. அந்த மாதிரியில் இருக்கும் எரிபொருள் கார்பன் எங்கிருந்து வந்தது என்பதைக் காற்றின் போக்கைக் கணக்கிடும் கணினி மாதிரிகள்தாம் சொல்ல வேண்டும். அளந்த இடத்திலிருந்து ஆயிரக்கணக்கான கற்பனைத் துகள்களைக் கணினியில் காலத்தில் பின்னோக்கி அனுப்புகிறார்கள். அவை கடந்த சில மணி நேரத்தில் எந்தெந்த இடத்தில் தரையைத் தொட்டு வந்தன என்று பார்க்கிறார்கள். அந்த இடங்களில் எவ்வளவு எரிந்தது என்று உங்கள் கணக்கு சொல்கிறதோ அதை உள்ளிட்டால், அளந்த புல்லிலோ காற்றிலோ எவ்வளவு எரிபொருள் கார்பன் இருக்க வேண்டும் என்பது வரும். அளந்தது அதோடு ஒத்துப்போகாவிட்டால், எந்தப் பகுதியின் கணக்கு எவ்வளவு தவறு என்று பின்னோக்கித் திருத்தலாம். ஸ்டில்ட், ஃப்ளெக்ஸ்பார்ட் போன்ற கணினி நிரல்கள் இதற்கென்றே இருக்கின்றன.

சென்னையின் காற்று இந்தக் கணினி மாதிரிகளுக்கு எளிதானதன்று. கோடையில் காலையில் மேற்கிலிருந்து வெப்பக் காற்று. நண்பகலை ஒட்டிக் கடற்காற்று. இரவில் தரைக்காற்று நகரத்தின் புகையைக் கடலுக்குள் தள்ளும். மறுநாள் கடற்காற்று அதையே திருப்பிக் கொண்டுவரும். கடலிலிருந்து வருவதாலேயே அது தூய காற்று என்று எண்ணிவிட முடியாது. இன்னொரு சிக்கல் என் பகுதி மக்களுக்கு உடம்பாலேயே தெரியும். கடற்காற்று குளிர்ந்த, மெல்லிய அடுக்காக நுழைகிறது. அத்திப்பட்டு, வல்லூர் அனல்மின் நிலையங்களின் புகைபோக்கிகள் இருநூறு மீட்டருக்கும் உயரமானவை. அவற்றின் புகை அந்த அமைதியான அடுக்கில் இறங்காமல் உள்நாட்டுக்கு மிதந்து போகிறது. வெயிலில் சூடான தரையின் கொதிப்பு அதை எட்டும் இடத்தில் சட்டெனக் கீழே கவிழ்கிறது. புகைபோக்கியின் அடியில் முளைத்த புல் தூயதாகவும், பல கிலோமீட்டர் மேற்கே உள்ள புல் பழமையேறியதாகவும் இருக்கக்கூடும். இதை அறியாமல் புல்லை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொன்னால் குற்றமற்றவர் தலையில் பழி விழும். மீனம்பாக்கத்திலிருந்து வானிலை ஆய்வு மையம் பறக்கவிடும் பலூன்கள் மேற்காற்றின் வெப்பத்தையும் திசையையும் சொல்கின்றன. துறைமுகத்தில் டாப்ளர் ராடார் இருக்கிறது. நுங்கம்பாக்கத்தில் 1792இலேயே வானாய்வு மையம் கண்ட ஊர் இது. காற்றைப் படிக்கும் மரபு நம்மிடம் இல்லாமல் இல்லை.

அடுத்து நான் சொல்வதைத் தயவுசெய்து பொறுமையாகப் படியுங்கள். மற்ற நகரங்களின் திட்டத்தை அப்படியே எடுத்து இங்கே பொருத்தினால் சறுக்கும் இடம் இதுதான். சென்னைக்குத் தெற்கே 70 கிலோமீட்டர் அளவில் கல்பாக்கம். அங்குள்ள சென்னை அணுமின் நிலையத்தின் உலைகள் கனநீர் (கனமான ஹைட்ரஜன் கொண்ட நீர்) பயன்படுத்தும் உலைகள். கனநீரில் உள்ள ஆக்சிஜன்-17 நியூட்ரானை ஏற்றுக் கார்பன்-14 ஆகிறது. சாதாரண நீர் உலைகளைவிடக் கனநீர் உலைகள் அதிகமான கார்பன்-14ஐ வெளிவிடுகின்றன. இதனால் உடலுக்குத் தீங்கு என்று நான் சொல்லவரவில்லை. அளவீட்டைப் பற்றி மட்டும் பேசுகிறேன். நிலக்கரிப் புகை கார்பன்-14 விகிதத்தைக் குறைக்கிறது. கல்பாக்கத்துக் காற்று அதைக் கூட்டுகிறது. தெற்கிலிருந்து காற்று வீசும் நாளில் இரண்டும் சேர்ந்தால், நகரம் உண்மையில் எரித்ததைவிடக் குறைவாக எரித்ததாகத் தெரியும். கணக்கு நமக்குச் சாதகமாகப் பிழைபடும். அந்தப் பிழையை யாரும் திருத்த மாட்டார்கள் என்பதுதான் என் கவலை.

இதற்குத் தீர்வு உண்டு. கல்பாக்கம் எந்த மாதத்தில் எவ்வளவு கார்பன்-14 வெளியிட்டது என்ற அளவைப் பெற்று, அதையும் காற்றின் போக்கைக் கணக்கிடும் கணினி மாதிரியில் ஒரு மூலமாகச் சேர்த்துக் கழிக்க வேண்டும். அணுசக்தித் துறையிடம் இதைக் கேட்டுப் பெற ஒரு தனிமனிதனால் ஆகாது, அரசால் ஆகும். அதோடு, வடகிழக்குக் காற்று வீசும் மாதங்களில் கல்பாக்கம் நம்மைக் கடந்து காற்று போகும் பக்கத்தில் அமைந்துவிடுகிறது. மழை ஓய்ந்த சனவரி, பிப்ரவரி மாதங்களே சென்னையை அளக்க நல்ல காலம். அப்போதும் வங்கக்கடலைக் கடந்து வடஇந்தியாவின் புகை நம்மை எட்டும். ஆகவே பழவேற்காட்டில் பின்னணி அளவை (நகரத்துக்குள் வருமுன்பே காற்றில் இருப்பதை) எடுத்துக் கழிக்காமல் நகரத்தின் பங்கைச் சொல்லக் கூடாது.

இந்த முறை எங்காவது பயன் தந்திருக்கிறதா என்றால், தந்திருக்கிறது. அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ் நகரில் 2010 முதல் கோபுரங்கள், விமானம், கார்பன்-14 குடுவைகள் எல்லாம் வைத்து அளந்தார்கள். கட்டடம் கட்டடமாக எழுதிய உமிழ்வுக் கணக்கும் காற்று சொன்ன கணக்கும் 7 விழுக்காட்டுக்குள் ஒத்துப்போயின. கவனமாக எழுதிய கணக்கைக் காற்று மெய்ப்பித்தது. 2020இல் சௌரிஷ் பாசு என்னும் விஞ்ஞானியும் குழுவினரும், அமெரிக்கா முழுவதும் சேகரித்த காற்றின் கார்பன்-14ஐக் கொண்டு, 2010இல் அந்த நாடு எரிபொருளிலிருந்து வெளியிட்ட கார்பன் 165.3 கோடி டன், பிழை 3 கோடி டன் என்று கண்டார்கள். உலக அளவில் பயன்படும் மூன்று கணக்கேடுகள் சொன்னதைவிட அது தெளிவாகவே அதிகம். 2021இல் கெவின் கர்னி என்னும் விஞ்ஞானியின் குழு, 48 அமெரிக்க நகரங்கள் தாமே எழுதிய கணக்கை, காற்றளவீட்டோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கப்பட்ட விரிவான உமிழ்வுக் கணக்கோடு வைத்துப் பார்த்தது. நகரங்கள் சராசரியாக 18.3 விழுக்காடு குறைத்து எழுதியிருந்தன. சில நகரங்கள் கூட்டியும் எழுதியிருந்தன. அவர்கள் பொய் சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை. சரிபார்க்காத கணக்கு அப்படித்தான் போகும்.

ஒப்பிடும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். உங்கள் கணக்கு நகரம் நுகர்ந்த மின்சாரத்தைச் சேர்க்கிறது. அது நெய்வேலியில் எரிந்ததாகவும் இருக்கலாம். காற்றோ இங்கே எரிந்ததை மட்டுமே பார்க்கும். எண்ணூரில் எரித்து வெளியூருக்கு அனுப்பிய மின்சாரத்தின் புகையையும் பார்க்கும். ஆகவே 1 கோடியே 40 லட்சத்தை அப்படியே காற்றின் எண்ணோடு பக்கத்தில் வைக்க முடியாது. எந்த இடத்தில், எந்த மாதத்தில், எது எரிந்தது என்று வரைபடமாக்கிய கணக்கு முதலில் வேண்டும். அந்த வரைபடமே உங்களுக்குப் பெரிய ஆதாயமாக இருக்கும். 2025இல் ஓடத் தொடங்கிய மின்பேருந்துகளால் அண்ணா சாலையில் குறைந்தது எவ்வளவு, அதற்காக அத்திப்பட்டில் கூடியது எவ்வளவு என்ற கேள்விக்கு அப்போதுதான் விடை வரும். வடசென்னைக்காரனாகிய எனக்கு அந்தக் கேள்வி வெறும் புள்ளிவிவரம் அன்று.

இனி குப்பை. கொடுங்கையூரில் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் உலை அமைக்கத் திட்டமிட்டிருக்கிறீர்கள். அப்பகுதி மக்கள் எதிர்க்கிறார்கள். நானும் அவர்கள் பக்கம்தான். உலை வருமோ வராதோ, ஒன்றை ஒப்பந்தத்தில் எழுதாமல் எதிலும் கையெழுத்திடாதீர்கள். குப்பையில் காய்கறித் தோலும் காகிதமும் எரிந்தால் உயிர்க் கார்பன். பிளாஸ்டிக் எரிந்தால் பெட்ரோலியம். இரண்டும் எவ்வளவு என்று கணக்கேடுகளில் இன்று ஊகித்துத்தான் எழுதுகிறார்கள். புகைபோக்கி வாயுவின் கார்பன்-14ஐ அளந்து இதைப் பிரிப்பதற்குப் பன்னாட்டுத் தர அமைப்பின் 13833 எண் தரநெறியே இருக்கிறது. எரிஉலை நடத்துபவர் "இது பசுமை மின்சாரம்" என்று சொன்னால், எத்தனை விழுக்காடு பசுமை என்று புகையே சொல்லட்டும்.

மாசு கட்டுப்பாட்டு வாரியத்துக்கு ஒரு தனி வேண்டுகோள். போகிக்கு முன்பும் போகியன்றும் நீங்கள் காற்றின் தூசியை அளந்து அறிவிக்கிறீர்கள். அந்த வடிதாள்களில் படிந்த கரியிலும் இதே அணு இருக்கிறது. பழைய பாயும் மரமும் எரிந்த கரியில் கார்பன்-14 உண்டு. டயரில் உள்ள செயற்கை ரப்பரிலும் கரித்தூளிலும் இல்லை. தூசிக்கு வாகனமும் டயரும் எவ்வளவு பொறுப்பு, மரமும் பாயும் எவ்வளவு பொறுப்பு என்று ஏற்கெனவே கையில் இருக்கும் தாள்களை வைத்தே பிரிக்கத் தொடங்கலாம். இதற்குப் புதிய நிலையம் எதுவும் வேண்டாம்.

செலவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வணிக ஆய்வகங்களில் ஒரு மாதிரிக்குச் சில பத்தாயிரம் ரூபாய் ஆகும். ஆனால் எல்லாவற்றையும் புளோரிடாவுக்கு அனுப்ப வேண்டிய காலம் போய்விட்டது. புது தில்லியில் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான முடுக்கி மையத்திலும், அகமதாபாத்தில் இயற்பியல் ஆராய்ச்சி ஆய்வகத்திலும் முடுக்கி நிறைமாலைமானி இயங்குகிறது. சென்னையிலேயே ஐ.ஐ.டி.யும், அண்ணா பல்கலைக்கழகத்தின் காலநிலை மாற்ற மையமும், பள்ளிக்கரணையில் தேசியக் கடல்சார் நிறுவனங்களும் இருக்கின்றன. பக்கத்துப் புதுச்சேரியில் இந்திய-பிரெஞ்சுக் கூட்டு முயற்சியில் பல ஆண்டுகள் காற்றுக் குடுவைகள் சேகரித்துக் கரியமில வாயுவையும் மீத்தேனையும் அளந்தார்கள். இதே கடற்கரையில், இதே கடற்காற்றில் நடந்த வேலை அது. ஆளும் அறிவும் இங்கேயே இருக்கின்றன. கூட்டிவைக்க ஓர் அரசாணை வேண்டும்.

நான் கேட்பது மூன்று ஆண்டு முன்னோட்டம் ஒன்று. பழவேற்காட்டில் பின்னணிக்கு ஒரு நிலையம், நகர நடுவே உயரமான கோபுரத்தில் ஒன்று, செம்பரம்பாக்கத்தில் ஒன்று. கடற்காற்று நாளில் நகரத்தின் புகை செம்பரம்பாக்கத்துக்குப் போகும். தென்மேற்குப் பருவத்துக் காலையில் அதுவே நகரத்துக்கு முந்தைய காற்றைக் காட்டும். பூங்காக்களிலிருந்து மாதந்தோறும் புல். எண்ணூர், மணலி, திருவொற்றியூர், கொடுங்கையூர் பகுதிகளில் புல் எடுக்கும் இடங்கள் மற்ற மண்டலங்களைவிட நெருக்கமாக இருக்க வேண்டும். புகையை அதிகம் சுமப்பவர்களுக்கு அளவீட்டில் முதலிடம் கிடைக்கட்டும். ஒரு பகுதி உறைகளைப் பள்ளி மாணவர்களிடம் கொடுங்கள். எண்ணூர்ப் பிள்ளைகள் புகையின் பெயரால் செய்திகளில் வந்தது போதும். அதை அளந்தவர்களாகவும் வரட்டும்.

முடிவுகள் வந்ததும், நன்றாக இருந்தாலும் இல்லாவிட்டாலும், தமிழில், எல்லோரும் எடுத்துப் பார்க்கும்படி வெளியிட வேண்டும். பிழைவரம்பையும் சேர்த்தே வெளியிட வேண்டும். 2006ஆம் ஆண்டின் உமிழ்வுக் கணக்கு வழிகாட்டிக்குப் பன்னாட்டுக் காலநிலைக் குழு (ஐ.பி.சி.சி.) 2019இல் வெளியிட்ட திருத்தமே காற்றளவீட்டோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கும் வழிமுறையைத் தருகிறது. நான் கேட்பது விதிக்குப் புறம்பானது ஒன்றுமில்லை.

சென்னைக் காலநிலைச் செயல்திட்டம் அடுத்த முறை மறுஆய்வுக்கு வரும்போது, ஒவ்வொரு மண்டலத்தின் உமிழ்வு எண்ணுக்கும் பக்கத்தில் இன்னொரு பத்தி இருக்க வேண்டும்: "காற்றில் அளந்தது". முதல் ஆண்டுகளில் அதில் பல கட்டங்கள் வெறுமையாக இருந்தாலும் பரவாயில்லை. அந்தப் பத்தியைச் சேர்க்க முடியுமா, முடியாதென்றால் எதனால் முடியாது என்று எழுத்தில் பதில் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர் ஒருவர்,
திருவொற்றியூர், சென்னை